நிற்காமல் போகும் விமானம்

முதல் முறை பார்க்கும் ஒருவரின் முகத்தை அவர் உடனே பார்க்க மாட்டார். தரையில் ஊன்றியிருக்கும் பாதங்களைப் பார்ப்பார். பிறகு தோள். முகத்துக்குக் கடைசியில்தான் வருவார். அதற்குள் அவர் மனதில் ஓர் எண் விழுந்திருக்கும். "அறுபத்தொண்ணு" என்று முணுமுணுப்பார். எதிரே நிற்பவர் வணக்கம் சொன்னது காதில் விழுந்திருக்காது.

நாங்கள் அவரை முசியே என்றுதான் கூப்பிட்டோம். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கால்சட்டை போட்டு, தொப்பி வைத்து, பிரஞ்சுக் காகிதம் படிக்கத் தெரிந்த எல்லாரும் முசியேதான். அவருக்கென்று பெயர் இருந்தது. அவர் முன்னால் ஒருநாளும் அதை நான் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன். கடற்கரைக்குப் பக்கத்தில் கப்பல் டிக்கெட்டும் ஏற்றுமதியும் பார்த்த ஒரு கம்பெனியின் கிடங்கில் தராசு பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைத் தராசு. ஒரே நேரத்தில் ஐந்தாறு மூட்டைகள் அடுக்கலாம். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டையும் துணிக் கட்டும் அதில் ஏறி இறங்கும். எல்லை தாண்டி மதராஸ் பக்கம் போனால் எடை பவுண்டாகவும் மணங்காகவும் மாறிவிடும். எங்கள் ஊரில் எப்போதும் கிலோதான்.

பிரஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம் அவர் சைகோனிலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு விமானக் கம்பெனியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது, எத்தனை பேரை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று திட்டம் போடும் வேலை பார்த்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது டிக்கெட் எழுதும் வேலை. அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஓய்வு கிடைத்தால் கிடங்குக்கு வந்து என் தராசின் பக்கத்தில் நின்றுகொள்வார். மூட்டை ஏறுவதற்கு முன்பே எடையைச் சொல்வார். தப்பாகப் போனால் அவருக்குத்தான் அதிக சந்தோஷம். "ஏன் தப்பாச்சு? பிரிச்சுக் காட்டு" என்பார். மூட்டைக்குள் ஈரம் இருக்கும், அல்லது மண் இருக்கும்.

அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை சராசரி. விமானக் கம்பெனிகள் பயணிகளை நிறுத்துப் பார்ப்பதில்லையாம். ஆளுக்கு இவ்வளவு கிலோ என்று ஒரு கணக்கு வைத்து, தலையை எண்ணிப் பெருக்கிக்கொள்வார்களாம்.

"சராசரி ஆள்னு ஒருத்தன இதுவரைக்கும் எந்தத் தாயும் பெக்கல தம்பி" என்பார்.

என் தங்கை அஞ்சலையின் கல்யாணத்துக்கு உழவர்கரையிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வாய் திறந்து கூப்பிடவில்லை, பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவந்திருந்தேன். அதற்கே வந்தார். பந்தலுக்குள் வந்தவர் நேராக அடுப்படிக்குப் போனார். சமையல்காரர் நூறு பேருக்கு இத்தனை படி என்று அரிசி அளந்துகொண்டிருந்தார்.

"எந்த நூறு பேரு?" என்று கேட்டார் முசியே.

"இன்னா முசியே, நூறு பேருன்னா நூறு பேருதான்."

"மாப்பிள்ளை வூட்டுப் பக்கம் யாரு யாரு?"

"எல்லாம் வீராம்பட்டினம் பக்கத்துல கட்டுமரம் தள்றவங்க."

"கட்டுமரம் தள்றவனும் சர்க்கார் கச்சேரில குந்தினு எழுதறவனும் ஒண்ணா தின்னுவாங்களா?"

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீங்களே ஒவ்வொருத்தர் வயித்தையும் தட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் உலை வைக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முசியே சிரிக்கவில்லை. நிஜமாகவே போய், வந்திருந்த ஜனங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் கால் பங்கு போடச் சொன்னார். போட்டார்கள். கொஞ்சம் மிஞ்சியது. சமையல்காரர் அதைக் காட்டிக் கிண்டல் செய்தார். "மிஞ்சணும். அதுக்குத்தான் போட்டது" என்று சொல்லிவிட்டு முசியே வெற்றிலை போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை பிரஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணம் முடிந்த சில நாளில் லீவு முடிந்து கப்பல் ஏறிவிட்டான். அஞ்சலை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நானோ நாலு பேர் இருக்கும் இடத்தில் குரல் வராதவன். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

முசியேயின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் உலகப் படம் இருந்தது. மதராசில் ஒரு குண்டூசி, பாரிசில் ஒரு குண்டூசி, நடுவில் இழுத்துக் கட்டிய சிவப்பு நூல். அப்போது பாரிசுக்குப் பறப்பவர்கள் பம்பாயில் இறங்குவார்கள், கராச்சியில் இறங்குவார்கள், அப்புறம் இன்னும் இரண்டு மூன்று ஊர். அந்த நூல் எங்கும் இறங்காமல் போனது. அப்படி ஒரு விமானம் விட முடியும் என்பதுதான் அவருடைய கனவு. ஒருநாள் மாலை கடற்கரையில் நடந்தபோது எனக்கு விளக்கினார்.

"நிக்காம போறதுன்னா வேகமா போறதில்ல தம்பி. வழிக்கு வேண்டியதெல்லாம் கெளம்பும்போதே தூக்கிக்கணும். எண்ணெயத் தூக்கறதுக்கு எண்ணெய் வேணும். அந்த எண்ணெயத் தூக்க இன்னும் கொஞ்சம். பாரிஸ்ல பனி மூடி எறங்க முடியலன்னா பக்கத்து ஊருக்குப் போறதுக்கும் வேணும். அதெல்லாம் ஏத்தினப்புறம் எவ்ளோ எடம் இருக்கோ, அதுதான் மனுஷங்களுக்கு."

"அப்ப நெறைய பேர ஏத்த முடியாதா முசியே?"

"அதுதான் கணக்கு. தூரம் கூடக் கூட ஆளு கொறையும்."

எனக்கு அது ஏனோ நல்லதாகப் படவில்லை. சொல்லவில்லை.

சைகோனில் ஏதோ நடந்துதான் அவர் இப்படி ஆனார் என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். ஒரு விமானம் மரத்தில் இடித்தது என்பார் ஒருவர். இல்லை, எண்ணெய் தீர்ந்து கடலில் இறங்கியது என்பார் இன்னொருவர். ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே அவரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல" என்றார். "ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நடக்காததுக்குச் சாட்சி கெடையாது. அதனால இவன் எதுக்குன்னு கேப்பாங்க."

புதிய ஜெட் விமானங்கள் வந்த பிறகு அவர் பாரிசில் ஒரு விமானக் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்தார். பிரான்சிலிருக்கும் சொல்தாக்களின் குடும்பங்கள், பென்ஷன்காரர்கள், வியாபாரிகள் என்று எங்கள் ஊரிலேயே ஒரு விமானத்துக்கு ஆள் சேரும். குளிர் மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன் மீனம்பாக்கத்தில் கிளம்பினால் காற்று கனமாக இருக்கும், இறக்கை நன்றாகத் தூக்கும், நிற்காமல் போய்விடலாம். இதையே திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. எங்கள் முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஏறினால் மதராஸ், இறங்கினால் பாரிஸ்" என்று நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டினார். இது அறுபத்திரண்டு தொடக்கத்தில்.

அதே சமயத்தில் அஞ்சலைக்கு அவள் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியில் அவனை அல்ஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சண்டை. கப்பலில் கிளம்பினால் இவள் போய்ச் சேர்வதற்குள் அவன் போயிருப்பான். நின்று நின்று போகும் விமானங்களில் அந்த மாதம் இடமே இல்லை. எங்கள் விமானத்தில் ஒரு பென்ஷன்காரர் உடம்பு முடியாமல் விலகினார். இருந்த நகையை விற்று அந்த இடத்தை வாங்கினாள். கடைசி டிக்கெட்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லாரும் மூட்டை முடிச்சோடு கிடங்குக்கு வர வேண்டும் என்று முசியே சொல்லியிருந்தார். பெட்டிகளை நிறுத்தோம். எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. முதலாளி கைதட்டினார். முசியே மட்டும் வந்தவர்களின் பாதங்களைப் பார்த்தபடி நின்றார். பெட்டிக்குத்தான் எடை என்று கேள்விப்பட்ட ஜனங்கள், பெட்டியில் இருந்ததையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

துணிக்கடை பாய் ஒருவர் கை அகலமாக விரிந்தபடி நின்றார். கீழே தொங்கப்போட முடியவில்லை.

"என்ன பாய், உள்ளார எத்தனை கைலி?"

"குளிருக்கு முசியே. பாரிஸ்ல எலும்பு உறையுமாமே."

"கைலில கடை சீட்டு கூடக் கிழிக்கலியே பாய்."

வயிறு தள்ளிய ஓர் அம்மாவைப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த அவள் மாமியார் சாவகாசமாக, "அது ஊறுகா ஜாடி முசியே. பையன் எலுமிச்சங்காதான் கேட்டிருக்கான்" என்றாள்.

"எல்லாரும் தராசுல ஏறுங்க" என்றார் முசியே.

அதுவரை இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் வெளிப்படையாகவே சண்டைக்கு வந்தார்கள். "கோயில்ல வேண்டுதல்னா தராசுல ஏறுவோம். மல்லாட்ட மூட்டை ஏறுற தராசுல நாங்க ஏறணுமா? புள்ளைய எடை பாத்தா இளைச்சுப் பூடும்." முசியே என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எண்ணெய் என்றார், காற்று என்றார். யாரும் அசையவில்லை.

அஞ்சலைதான் உள்ளேயிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். தராசின் பலகையைக் கழுவினாள். மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். என்னைப் பார்த்து, "அண்ணா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக ஏறி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பமாக ஏறினார்கள். குடும்பத்துக்கு மொத்தமாக ஓர் எண். முசியே மட்டும் முள்ளைப் பார்த்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஊறுகாய் இறங்கியது. கைலிகள் இறங்கின. அப்படியும் சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது கணக்கு நிற்கவில்லை. எதிர்க்காற்று பலமாக இருக்கிறது என்று மதராசிலிருந்து வேறு செய்தி வந்திருந்தது. ஆறு பேர் அதிகம். அப்படி ஆனால் கடைசியாக டிக்கெட் வாங்கியவர்களை இறக்கிவிடுவது என்பது அவர் முன்பே எழுதி வைத்திருந்த விதி. ஆறாவது ஆள் அஞ்சலை.

அவர் என்னிடம் நேராகவே சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.  வீட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை எனக்கு முன்னால் நடந்து ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"கடைசில வாங்கினேன்னு எறக்குறீங்களா முசியே?"

"ஆமாம்மா."

"நியாயம்தான். அடுத்த ஏரோப்ளேன் எப்ப?"

"தெரியல. இது நல்லாப் போனாத்தான் அடுத்தது."

"அதுக்குள்ள அவரு அல்ஜீரியா போயிடுவாரு." அவள் அழவில்லை. "நடுவுல எங்கனா நின்னு எண்ணெ ஊத்திக்கினா நாங்க ஆறு பேரும் ஏறலாமா?"

முசியே காகிதத்தில் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். "ஏறலாம்" என்றார்.

"அப்ப நிக்கட்டுமே. நிக்காம போகணும்னு நாங்க யாரும் கேக்கலியே முசியே. போகணும்னுதான வந்தோம்."

"நின்னா லேட்டாகும்மா. ரெண்டு மணி நேரம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"ஆகட்டும்."

அவர் திரும்பிச் சுவரிலிருந்த நூலைப் பார்த்தார்.  நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் போன பிறகு முதலாளியின் அறைக்குள் போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

"ஆறு பேர எறக்கணும். இல்லன்னா நடுவுல ஒரு தடவ நிறுத்தணும்" என்றார்.

"ரெண்டும் வேணாம்" என்றார் முதலாளி. "உங்கள யாரு ஆள நிறுக்கச் சொன்னது? பாரிஸ் கம்பெனியே சராசரி போடச் சொல்லுது. சராசரி போட்டா எல்லாரும் ஏறலாம், நிக்கவும் வேணாம்."

"நிறுத்துப் பாத்துட்டேன். இனிமே எனக்குத் தெரியாதுன்னு எழுத முடியாது."

"போய்ச் சேருமா, சேராதா? அதச் சொல்லுங்க."

"அநேகமா சேரும்."

"அப்புறம் என்னய்யா! இது உங்க திட்டம். வந்த நாள்லேர்ந்து இதத்தான பேசினீங்க?"

"ஆமா" என்றார் முசியே.

விமானிக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்தில், நிறுத்துப் பார்த்த எடையை அப்படியே எழுதினார். ஆறு பேரையும் சேர்த்தார். பாலைவனத்து ஓரத்தில் ஓர் ஊரின் பெயரை எழுதி, இங்கே எண்ணெய்க்கு நிற்கும் என்று குறித்தார். கையெழுத்துப் போட்டார். விமானம் தாமதமாக வரும் என்று பாரிசில் காத்திருப்பவர்களுக்குத் தெரிவிக்க ஒரு தந்தியும் எழுதி முதலாளியின் கையில் கொடுத்தார்.

மீனம்பாக்கத்துக்குப் பயணிகளோடு நாங்களும் பஸ்ஸில் போனோம். விமானி அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தார். முசியேயைப் பார்த்தார், தலையை அசைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழக்கு வெளுக்கும்போது விமானம் ஓடத் தொடங்கியது. சக்கரம் எந்த இடத்தில் தரையை விடுகிறது என்பதை மட்டும் முசியே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டதும், "சரி" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார். அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விமானம் அந்தப் பாலைவன ஊரில் இறங்கியது. எண்ணெய் ஊற்றும் வண்டி பழுதாகிப் பாதிப் பகல் அங்கேயே நின்றது. பத்திரிகைக்காரர்கள் எங்கள் நோட்டீசை வைத்துச் சிரித்தார்கள். பாரிஸ் கம்பெனி இன்னொரு முறை முயற்சி செய்யவில்லை. அந்த வாரமே முதலாளி முசியேயை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நூலும் படமும் சுவரிலேயே இருந்தன.

சில வாரம் கழித்து அஞ்சலையின் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு உப்பளம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமல் நான் ஒருவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் எதிரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

விமானம் மத்தியானம் வரும் என்று நம்பி அவள் புருஷன் காலையிலேயே வந்து நின்றிருக்கிறான். சாயங்காலத்தோடு அவனுக்கு லீவு முடிகிறது. விமானத்தைக் காணோம். தந்தி எதுவும் வரவில்லை. அவன் போகவில்லை. ராத்திரி விமானம் வரும்வரை அங்கேயே நின்றான். மறுநாள் முகாமுக்குத் திரும்பியதும் லீவை மீறினான் என்று அடைத்துப் போட்டார்கள். அவன் உள்ளே இருக்கும்போதே அவனுடைய படை கப்பல் ஏறிப் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை அவனை அங்கேயே வைத்திருக்கிறார்கள். அடைப்பிலிருந்து விட்ட பிறகு தினமும் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாள். முசியே விமானத்தை நிறுத்தியதால்தான் எங்களுக்கு இத்தனை நாள் கிடைத்தது, அவர் காலில் விழுந்ததாகச் சொல் என்று முடித்திருந்தாள்.

நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தந்தி யாருக்கும் வரலியா?"

"யாருக்கும் வரலயாம் முசியே."

"நான் மொதலாளி கையில குடுத்தேன். அனுப்பினாரான்னு பாக்கல" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். அந்தப் படைத் தலைவருக்குப் பிரஞ்சில் எழுதினார். எழுதி முடித்து எனக்குத் தமிழில் சொன்னார். விமானம் தாமதமானது என் திட்டத்தால். காத்திருந்தவர்களுக்குச் செய்தி போகாததும் என் கவனக்குறைவால். இந்தச் சொல்தாவின் மேல் எழுதிய தண்டனையை நீக்க வேண்டும்.

"தண்டனைதான் முடிஞ்சு போச்சே முசியே."

"பட்டாளத்துல எழுதினது போகாது. நாளைக்குப் பென்ஷன் வாங்கப் போறப்ப எதிர்ல வந்து நிக்கும்."

"எல்லாம் நல்லதாத்தான முடிஞ்சுது?" என்றேன். அவரிடம் நான் மறுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். "அவங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க."

"இருக்கட்டும். சந்தோஷம் அவங்களுது. தப்பு என்னுது. ரெண்டையும் கூட்டி வகுத்துடாத தம்பி."

தொப்பியை வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் எழுதினார்.